வாற பேச்சு வரட்டும்

என் பெரியப்பாவுக்குக் காத்திருக்கத் தெரியாது. எங்கள் ஊரில் யாரைக் கேட்டிருந்தாலும் இதைத்தான் முதலில் சொல்லியிருப்பார்கள். களியை ஆற விடாமல் விழுங்கி நாக்கைச் சுட்டுக்கொள்வார். சுட்டதற்குப் பெரியம்மாவைத் திட்டுவார். நாமக்கல் சந்தைக்குப் போக வண்டி பூட்டுகிற நேரம்கூடப் பொறுக்காமல் நடந்தே கிளம்பிவிடுவார். பாதி வழியில் வண்டி போய் அவரை ஏற்றிக்கொள்ளும். மாரியம்மன் நோன்பியில் எல்லார் பானையும் தானாகப் பொங்கும். எங்கள் பானையை மட்டும் அவர் ஊதி ஊதிப் பொங்க வைப்பார். காலில் சுடுதண்ணீரை ஊற்றிக்கொண்ட மனுஷன் என்று என் அம்மா முணுமுணுப்பாள். புருஷனுடைய அண்ணன், மச்சாண்டார் காதில் விழாமல்தான்.

அந்த மனுஷன் ஒருத்திக்காக மட்டும் நின்றார். அவருடைய மகளுக்காக. எனக்கு ஒரு வயது மூத்தவள், எனக்கு அக்கா முறை.

எங்கள் தோட்டத்தில் எருது பூட்டிக் கவலையில் தண்ணீர் இறைப்பது பெரியப்பாதான். எருதுகள் சரிவில் இறங்க இறங்கக் கிணற்றிலிருந்து சால் நிறைந்து மேலே வரும். அவை பின்னால் நடந்து மேடேறினால் வெறும் சால் மறுபடி தண்ணீருக்குள் போகும். பாதிச் சரிவில் மட்டும் எருதுகளை நிறுத்தக் கூடாது. நிறைந்த சால் வடத்தைப் பின்னுக்கு இழுக்கும், எருதின் கழுத்து புண்ணாகும், கால் சறுக்கினால் ஆளும் எருதும் சேர்ந்து கிணற்றைப் பார்க்க வேண்டியதுதான். புத்தியுள்ள எவனும் நிறுத்தமாட்டான். பெரியப்பா நிறுத்துவார். அக்கா வாய்க்கால் ஓரத்தில் வந்து நின்று "அ... அ..." என்று ஆரம்பித்துவிட்டால் போதும். வடத்தின் மேல் உட்கார்ந்தபடியே இரண்டு எருதுகளையும் இழுத்துப் பிடித்துக்கொண்டு அவள் முகத்தைப் பார்ப்பார்.

"அ... அப்பா, பா... பாத்தி ஒடைச்சுக்கிச்சுங்க."

"செரி சாமி, நீ போயி மம்முட்டிய எடு" என்று சொல்லிவிட்டுத்தான் எருதை அதட்டுவார்.

அதே இடத்தில் நான் போய், "பெரியப்பா, பெரியம்மா சோத்துக்கு வரச் சொன்னாங்க" என்றால், என் பேச்சு முடிவதற்குள் எருதுகள் அடுத்த நடைக்கு மேடேறியிருக்கும். நான் வாயாடி. எனக்காக யாரும் நிற்க வேண்டியதில்லை என்று அவர் நினைத்திருப்பார். எனக்கு அதில் பொறாமை உண்டு. இந்த வயதில் மறைத்து என்ன ஆகப்போகிறது?

என் அப்பா, அதாவது அவருடைய தம்பி, ஒருநாள் கேட்டேவிட்டார். "எருதுக் கழுத்தப் பாருங்கண்ணா. சாலு ஏறுனதுக்கப்பறம் அந்தப் புள்ள சொன்னா ஆவாதுங்களா?"

"அதுக்குள்ள பேச்சு உள்ளயே போயிரும்டா. மறுக்கா அதை வெளிய இழுக்கறதுக்கு எந்த எருதுனாலயும் ஆவாது" என்றார் பெரியப்பா.

அக்காவுக்குத் திக்குவாய். பேசத் தொடங்கிய நாளிலிருந்தே இருந்தது. பெரியம்மா பார்க்காத வைத்தியமில்லை. வசம்பைச் சுட்டு நாக்கில் தேய்த்தாள். கோயில் மணியைக் கவிழ்த்துத் தண்ணீர் ஊற்றிக் குடிக்கக் கொடுத்தாள். மலைத்தேன் என்றார்கள், வாயில் கூழாங்கல் என்றார்கள், எல்லாம் செய்தாள். பெரியப்பா எதையும் தடுக்கவில்லை. அவர் தடுத்தது ஒன்றே ஒன்றைத்தான். அக்கா ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டு தவித்தால் எங்கள் வீட்டுப் பெண்கள் எல்லாரும் பாய்ந்து அந்தச் சொல்லை முடித்துக் கொடுப்பார்கள். பாவம் குழந்தை என்ற பாசம்தான். நாளடைவில் அவள் வாயைத் திறப்பதையே விட்டுவிட்டாள். யார் என்ன கேட்டாலும் பெரியம்மா முகத்தைப் பார்ப்பாள், பதில் அங்கிருந்து வரும்.

"மருந்து உன் இஷ்டம்" என்றார் பெரியப்பா. "பேச்சு அவளுது. அதுல நீ கை வெக்காத. வாற பேச்சு வரட்டும்."

வளையல்காரர் வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மிணிக்கு என்ன நெறம் வேணும்?" என்று கேட்டார். அவள் உதட்டைக் குவித்துக்கொண்டு நின்றாள். பெரியம்மா செவப்பு என்றாள், என் அம்மாவும் செவப்பு என்றாள், வளையல்காரருக்கு அடுத்த ஊருக்குப் போக வேண்டிய அவசரம். சிவப்பு வளையல் ஏறிவிட்டது. அவர் போன பிறகு பெரியப்பா கிணற்றடியிலிருந்து வந்தார். மகள் கையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார்.

"இது நீ கேட்ட நெறமா சாமி?"

அவள் தலையை ஆட்டினாள், இல்லையென்று. அவ்வளவுதான். மனுஷன் உழுத காட்டுக்குள் இறங்கி ஓடினார். "ஏனுங்க வளையக்காரரே, நில்லுங்க!" என்று ஊரே திரும்பிப் பார்க்கக் கத்தினார். மூட்டையும் ஆளுமாக வளையல்காரர் திரும்பி வந்து, வெயிலில் உட்கார்ந்து, அவள் "ப... ப... பச்சை" என்று சொல்லி முடிக்கிற வரைக்கும் காத்திருந்தார். அதற்குப் பிறகு எங்கள் ஊருக்கு வந்தால் அவர் முதலில் கடையை விரிப்பது அக்காவுக்கு முன்னால்தான். அந்தப் பச்சை வளையல்களை ஆட்டி ஆட்டி எனக்குக் காட்டினாள் பாருங்கள், எனக்குப் பிடுங்கி உடைத்துவிடலாமா என்று இருந்தது.

இதற்கும் மேலே ஒரு கூத்து உண்டு. எங்கள் பக்கம் வீட்டுக்கு வருகிறவர்களை வாய் திறந்து "வாங்க" என்று சொல்லாவிட்டால் அது தலைமுறைக்கும் தீராத மனத்தாங்கல். சொல்லாத வீட்டு வாசலை மிதிக்கமாட்டார்கள். பெரியப்பா அந்த வேலையை அக்காவுக்குக் கொடுத்துவிட்டார். வீட்டில் அத்தனை பெரியவர்கள் இருந்தும் யாரும் முந்திக்கொள்ளக் கூடாது. விருந்தாளி ஒரு காலை வாசலில் வைத்து மறு காலைத் தூக்காமல் நிற்பார். அக்கா "வ... வ..." என்று கண்ணை இறுக்கிக்கொண்டு நிற்பாள். பெரியப்பா தூணருகில் கையைக் கட்டிக்கொண்டு இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டிருப்பார். கடைசியில் "வாங்க" வந்து விழும். வந்தவர் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வருவார். எங்கள் வீட்டு மோர் அன்றைக்கு அவருக்கு இன்னும் ருசியாக இருந்திருக்கும்.

பாராட்டுவார், கட்டிக்கொள்வார் என்று நினைக்க வேண்டாம். அந்தப் பழக்கமெல்லாம் அவரிடம் கிடையாது. ஆடு மேய்க்கிற பையன்கள் அக்காவைப் போலவே பேசிக் காட்டிச் சிரித்தார்கள் என்று ஒருநாள் அழுதுகொண்டு வந்தாள். பெரியம்மா துடைப்பத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். பெரியப்பா அவளை நிறுத்திவிட்டு மகளைக் கேட்டார்.

"அவனுக சிரிச்சது இருக்கட்டும். நீ சொல்ல வந்ததைச் சொல்லி முடிச்சியா?"

"இ... இல்லீங்க."

"அப்பப் போயி முடிச்சுட்டு வா. அப்பறம் அழுவலாம்."

கல்நெஞ்சுக்காரர் என்று பெரியம்மா அன்று முழுக்க அவரிடம் பேசவில்லை. அக்கா போனாள். என்ன சொல்லி முடித்தாள் என்று எனக்குத் தெரியாது. ஆனால் திரும்பி வந்து அழவில்லை.

பெரியப்பாவுக்கு ஒரு தற்பெருமையும் இருந்தது. மாட்டுச் சுழி பார்ப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. ஊர் அப்படிச் சொல்லும். ஊர் சொல்வதற்கு முன்பே அவர் சொல்லிவிடுவார். சந்தையில் ஒரு மாட்டைப் பிடிக்கிறவர்கள் அவரைக் கூட்டிப்போய், எந்தச் சுழி குடும்பத்துக்கு ஆகும், எது ஆகாது என்று கேட்டுவிட்டுத்தான் கயிற்றைத் தொடுவார்கள். அந்தப் பெருமைதான் அவரை ஊர்ச்சபை வரைக்கும் இழுத்துக்கொண்டு போனது.

யுத்தம் வருவதற்கு முந்திய ஒரு பஞ்ச வருஷம். கிணறுகள் வற்றிவிட்டன. ஊர்க்காரர்கள் மாடு கன்றுகளை ஒன்றாகச் சேர்த்துக் கொல்லிமலை அடிவாரத்துக்கு மேய்ச்சலுக்கு ஓட்டினார்கள். அந்த மந்தையில் அக்காவின் செவலைக் கிடாரிக் கன்றும் போயிற்று. அவள் பேருக்கென்று விட்ட கன்று அது. பெண் வளர, கன்றும் வளர்ந்து ஈன்று பெருகி, கல்யாணமாகிப் போகும்போது கூடவே போகும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். மழை பெய்து மந்தை திரும்பியபோது கன்று அதில் இல்லை. அக்கா சோற்றைத் தொடவில்லை. பெரியப்பா ஊர் ஊராகத் தேடி அலைந்தார். கடைசியில் பக்கத்து ஊரில் மாடு கட்டுகிற ஒரு கட்டுத்தாரையில் அதைக் கண்டுபிடித்துவிட்டார். செவலை, நெற்றியில் இரட்டைச் சுழி, அச்சு அசல் அதே கன்று.

அந்தக் கட்டுத்தாரை புருஷனை இழந்த ஓர் அம்மாளுடையது. "ஏனுங்க, இது எங்கூட்டு மாடு போட்ட கன்னுங்க" என்று அவள் சொன்னதைப் பெரியப்பா காதில் போட்டுக்கொள்ளவில்லை. இரண்டு ஊர்ப் பசுக்களுக்கும் கோயில் காளை ஒன்றுதான். ஒரே காளைக்குப் பிறந்த இரண்டு கன்றுக்கு ஒரே மாதிரிச் சுழி விழலாம் என்பது அவருக்குத் தெரியாததல்ல. ஆனால் தன் கண்ணை நம்புகிறவனுக்கு வேறு எதுவும் தோன்றாது. விவகாரம் எங்கள் மாரியம்மன் கோயில் வேப்பமரத்தடிக்கு வந்தது. மணியகாரர் நடுவில் உட்கார்ந்தார். கன்றை மரத்தில் கட்டியிருந்தார்கள்.

"இது எங்க கன்னு இல்லீன்னா இன்னிமேப்பட்டு ஒரு மாட்டுக்கும் சுழி பாக்கமாட்டேனுங்க. இந்த ஆத்தா மேல சத்தியம்!" என்று பெரியப்பா சபை நடுவில் துண்டை உதறிப் போட்டார். அந்த அம்மாள் ஒதுங்கி நின்று, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு ஒன்றும் பேசாமலிருந்தாள். இவ்வளவு பெரிய குரலுக்கு முன்னால் யார்தான் பேசுவார்கள்?

மணியகாரர் நிதானமான ஆள். "கன்னுக்குத் தண்ணி காட்டுனது ஆருங்க?" என்று கேட்டார்.

"எம்புள்ளைங்க."

"அப்ப அம்மிணியே சொல்லட்டும்."

என் அம்மா என் கையை இறுகப் பிடித்தாள். என் அப்பா முன்னால் வந்து, "அது எங்கீங்க பேசப்போவுது? நாஞ் சொல்றனுங்க" என்றார். பெரியப்பா அவரைப் பார்த்த பார்வையில் பின்வாங்கினார்.

அக்கா எழுந்து போனாள். கன்றுக்கு முன்னால் கையை நீட்டினாள். கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு சபைக்குத் திரும்பி வாயைத் திறந்தாள். "இ... இ..." கழுத்து நரம்பு புடைத்தது. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவள் மறுபடி "இ..." என்றாள். என் அப்பாவால் அதற்கு மேல் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"இது எங்க கன்னுதாங்கறா. சொல்லீருச்சுங்க கொழந்த!" என்று கத்திவிட்டார்.

சபை மூச்சு விட்டது. "அப்பறமென்னுங்க, புள்ளையே சொல்லீருச்சு. ஓட்டீட்டுப் போங்க" என்றார் மணியகாரர். என் அப்பா கயிற்றை அவிழ்த்துக் கையில் பிடித்துவிட்டார். அந்த அம்மாள் அப்படியே குந்திவிட்டாள். வழக்கு முடிந்தது, கன்று எங்களுடையது.

"கயித்த உடுடா" என்றார் பெரியப்பா.

"அண்ணா?"

"அவ எங்கடா சொன்னா? நீதான சொன்ன?"

"உங்களுக்குச் சாதகமாத்தானுங்களே ஆயிருக்குது" என்றார் மணியகாரர், புரியாமல்.

"சாதகமோ பாதகமோ, வாற பேச்சு வரட்டுமுங்க."

சொல்லிவிட்டு, களி ஆறக் காத்திராத அந்த மனுஷன் மகளுக்கு எதிரே மண்ணில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று அந்த நேரத்திலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது என்றுதான் நான் இன்றைக்கும் நம்புகிறேன். கண்ணைப் பார்த்தே அவளைப் படிக்கத் தெரிந்தவர் அவர். தெரிந்தும் உட்கார்ந்திருந்தார். சபையில் ஒருவரும் சிரிக்கவில்லை.

"இ... இது எங்க கன்னு இல்லீங்கப்பா" என்றாள் அக்கா. "எ... எங்க கன்னு என்னையப் பாத்தா கை... கைய நக்குமுங்க. இ... இது மோந்துட்டு மூ... மூஞ்சியத் திருப்பிக்கிச்சுங்க."

அவளுக்கு அந்தக் கன்று வேண்டும். சோறு தின்னாமல் அழுத கன்று. ஆமென்று தலையை ஆட்டியிருந்தால் போதும், வீட்டுக்கு வந்திருக்கும். அத்தனை ஆண்பிள்ளைகளுக்கு நடுவில், சத்தியம் செய்துவிட்டு உட்கார்ந்திருக்கிற தகப்பனைப் பார்த்து, நீங்கள் சொன்னது தப்பு என்று சொல்லிவிட்டாள். என் அக்கா என்று அந்த மரத்தடியில் எல்லாரையும் பிடித்துப் பிடித்துச் சொல்ல வேண்டும் போலிருந்தது எனக்கு. பொறாமையெல்லாம் எங்கே போனதோ.

பெரியப்பா எழுந்தார். வேட்டி மண்ணைத் தட்டினார். என் அப்பா கையிலிருந்த கயிற்றை வாங்கி அந்த அம்மாளிடம் கொடுத்தார்.

"உங்குளுதுதானுங்க. நாந்தான் தப்பாச் சொல்லிப்போட்டேன். மனசுல வெச்சுக்காதீங்க." பிறகு பின்வரிசைப் பக்கம் திரும்பினார். "ஆரோ சிரிச்சீங்களே, இப்பக் கேட்டுச்சுங்களா எம்புள்ள சொன்னது?"

வீட்டுக்கு நடக்கும்போது என் அப்பா பொருமிக்கொண்டே வந்தார். கன்றும் போயிற்று, சுழி பார்க்கிற பேரும் போயிற்று, இதற்கா சபை கூட்டினோம் என்றார். வழியில் அக்கா பெரியப்பா விரலைப் பிடித்துக்கொண்டு, "எ... எம்மேல கோவமுங்களா?" என்று கேட்டாள்.

"கன்னு போனதுக்கு அழுவாச்சியா இருக்குது சாமி. உம்மேல எதுக்குக் கோவம்?" என்றார். நிஜமாகவே அவர் கண் கலங்கியிருந்தது.

எங்கள் கன்று கடைசிவரை கிடைக்கவில்லை. மலையில் என்ன ஆயிற்றோ, மாரியம்மனுக்குத்தான் தெரியும். பெரியப்பா சத்தியத்தைக் காப்பாற்றினார். அதற்குப் பிறகு அவர் ஒரு மாட்டுக்கும் சுழி பார்க்கவில்லை. விஷயம் தெரியாமல் வெளியூரிலிருந்து யாராவது மாட்டைப் பிடித்துக்கொண்டு வந்து கேட்டால், "என்னையக் கேக்காதீங்க, எனக்குக் கண்ணு பத்தாது. எம்புள்ளையக் கேளுங்க" என்பார். வந்தவர் சின்னப்பெண் முன்னால் மாட்டை நிறுத்திவிட்டு, அவள் சொல்லி முடிக்கிற வரைக்கும் நிற்பார். அவளுக்குச் சுழி தெரியாது. மாடு சாதுவா, முட்டுமா, மேவு தீனி எடுக்குமா என்று மட்டும் பார்த்துச் சொல்வாள். அதற்கும் ஆள் வந்தது என்பதுதான் வேடிக்கை.

தான் தோற்ற கதையை ஊர் மறந்தாலும் பெரியப்பா மறக்க விடவில்லை. சந்தையில் சொல்வார், கல்யாணப் பந்தியில் சொல்வார், பஸ்ஸுக்கு நிற்கிற முன்பின் தெரியாதவரிடம்கூடச் சொல்வார். சொல்லச் சொல்லக் கதை வளர்ந்தது. வேப்பமரத்தடி நிறைந்து வழிந்தது. மணியகாரர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். அந்த அம்மாள் அக்கா காலில் விழப்போய்விட்டாள்.

அக்கா வளர்ந்து நின்றபோது பெண் பார்க்க வந்தார்கள். பிறகு அவள் வாழ்க்கைப்பட்டது அந்த வீட்டில்தான். பெண்ணுக்குப் பேச்சில் ஏதோ குறை என்று யாரோ அவர்கள் காதில் போட்டிருக்க வேண்டும். மாப்பிள்ளையின் அப்பா மோரைக் குடித்துவிட்டு, "அம்மிணிக்கு வாயி கொஞ்சம்..." என்று இழுத்தார். பெரியம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. பெரியப்பா கதையை எடுத்துவிட்டார். அன்றைக்கு அவர் கொஞ்சம் பயந்துதான் போயிருந்தார் என்று நினைக்கிறேன். இல்லாவிட்டால் கதையில் அந்த இடத்தை மாற்றியிருக்கமாட்டார்.

"அத்தன பேரு முன்னாலயும் எந்திரிச்சு நின்னு, ஒரு திக்கு இல்லீங்க, ஒரு தடுக்கு இல்லீங்க, தண்ணி பட்ட பாடாச் சொன்னாளுங்க எம்புள்ள!"

உள்ளறைக் கதவோரம் எனக்குப் பக்கத்தில் நின்றிருந்த அக்கா ஓரடி முன்னால் வைத்தாள். என் அம்மா அவள் சேலையைப் பிடித்து இழுத்தாள். அவள் விடுவித்துக்கொண்டாள்.

"அ... அப்பா சொல்றது தப்புங்க" என்றாள் மாப்பிள்ளையின் அப்பாவைப் பார்த்து. "நா... நான் தி... திக்கித் திக்கித்தானுங்க சொன்னேன். இ... இப்பவும் அப்படித்தான் பே... பேசுவேனுங்க."

பெரியம்மா கண்ணை மூடிக்கொண்டாள். வந்தவர்கள் எல்லாரும் பெரியப்பாவைப் பார்த்தார்கள். அவர் தொடையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார்.

"பாத்தீங்களா? பாத்தீங்களா? மறுக்காவும் என்னையத் தோக்கடிச்சுட்டா!"